ஒற்றைக் காதுக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர்

மாட்டுங்கா, மும்பை
வியாழக்கிழமை காலை

சௌபாக்கியவதி சாருலதாவுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் லிஃப்ட் ரிப்பேர் ஆகிற நாட்களில் சௌக்கியமில்லை. அங்கே கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் பனியில் வழுக்கி விழாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் யார் கையால் கடிதம் எழுதுவார்கள், அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிடாதே, எல்லாம் நல்ல சமாச்சாரம்தான், கையெல்லாம் பரபரக்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்பதால் பெரிதாகவே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவாள், நிஜக் காகிதத்தையும் தபாலில் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் போன் போடக்கூடாது, கடைசி வரை படிக்க வேண்டும். ஏனென்றால் நீ என்மேல் வருத்தமாக இருக்கிறாய், போன மார்ச்சிலிருந்து எனக்கென்று ஒரு வார்த்தைகூடப் பேசி அனுப்பவில்லை, அதற்குக் காரணம் என்னவென்று எனக்கு நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

முதலில் உன்னிடம் மறைத்த விஷயம். போன வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் இடது காதில் சத்தமே இல்லை. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நானே முடிவு பண்ணி, எண்ணெய் காய்ச்சி ஊற்றி, தலையைச் சாய்த்துக் குதித்து, பத்து நாளைக் கடத்தினேன். அதற்கப்புறம் போனால் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை, இது நரம்பு சமாச்சாரம், இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், இனிமேல் அந்தக் காது அவ்வளவுதான் என்றார். வலது காதும் வயசுக்கு ஏற்ற மாதிரி மங்கித்தான் இருக்கிறது, காது மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. போர்ட் ட்ரஸ்ட் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம், அடுத்த அறையில் யார் டீ குடிக்கிறார்கள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்ன வைத்தீஸ்வரனுக்கு மிஷினா என்று ஒரு திமிர்தான். உனக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், நீ அப்போதுதான் வேலையை விடலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தாய், சொன்னால் டிக்கெட் எடுத்து ஓடி வந்துவிடுவாய். அம்மாமேல் கோபப்படாதே, சத்தியத்தை வாங்கியவன் நான், அதைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள்.

காது போனதில் எனக்கு முதலில் அடிபட்டது பாட்டு. நீ பிறந்தநாளுக்கு அனுப்பினாயே விலை உயர்ந்த ஹெட்ஃபோன், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அம்மாவை விட்டு எழுதச் சொன்னேன் அல்லவா, அது பொய். போட்டுக் கேட்டேன், கச்சேரியில் வாய்ப்பாட்டு வந்தது, மிருதங்கம் வந்தது, வயலினைக் காணோம். வயலின்காரர் வரவில்லையா என்று கேஸட் அட்டையைப் பார்க்கிற மாதிரி போன் திரையில் பெயரைத் தேடினேன், பெயர் இருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது, ஸ்டீரியோவில் வயலினை இடது பக்கம் வைத்துப் பதிவு பண்ணியிருக்கிறார்கள், அந்தப் பக்கம்தான் நமக்குக் கதவு சாத்தியிருக்கிறதே. அன்றைக்கு ஹெட்ஃபோனைப் பெட்டியில் வைத்தவன்தான், அது இன்னும் பீரோவில் புதுசாகவே இருக்கிறது, தை மாசம் வரும்போது எடுத்துக்கொண்டு போ. ஏழெட்டு மாசம் பாட்டே கேட்கவில்லை சாரு. அம்மா டி.வி. போட்டால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன்.

இந்த வருஷம் மே மாசம் நம் வீட்டு ஸ்டெபிலைசர் புகைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தாராவியில் ஷாகுல் ஹமீது பட்டறைக்குப் போனேன். மேலப்பாளையத்துக்காரர், டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவதுதான் தொழில், மிஷின் ஓயாமல் ஓடுகிறது, அந்தேரி ஸ்டுடியோவிலிருந்து கிடார் வாசிக்கிற பையன்களெல்லாம் அவரிடம் வந்து காத்துக்கிடக்கிறார்கள். அங்கே அலமாரியில் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர், அந்தக் கால ரேடியோவுக்குள் சிவப்பாக எரியுமே கண்ணாடிக் குழாய், அது வைத்தது, பாடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர். நான் வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றேன், வயலின் வந்தது. வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒருவருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்த மாதிரி வந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாருக்கு எந்தப் பக்கம் காது கேக்கும் என்று சாதாரணமாகக் கேட்டார். அத்தனை மாசத்தில் அதைக் கண்டுபிடித்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் இறங்கவில்லை. இன்டர்நெட்டில் வால்வு ரசிகர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால் பாவம் என்று நினைப்பவர்கள். ஒற்றை வால்வில் மூன்று வாட்ஸ் வருகிறதுதான் அமிர்தம் என்று ஒரு கட்சி, ஐம்பது வாட்ஸ் இல்லாமல் சங்கீதமே இல்லை என்று ஒரு கட்சி. எனக்கு ஒரு பக்கம் மட்டும் போதும் என்று கேட்டால் எல்லாருமே சிரித்தார்கள். லாமிங்டன் ரோடில் ஒரு கடைக்காரர், காகா, அதாவது பெரியவரே, ஜோடி உடைத்து விற்க மாட்டேன் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். கடைசியில் ஷாகுல் ஹமீதிடமே போனேன். அவர் வாட்ஸில் ஆரம்பிக்கவே இல்லை, ஹால் எத்தனை அடி, ஜன்னல் எங்கே, அம்மா சமையலறையில் இருந்து கேட்பார்களா, மே மாசம் ஃபேன் போதுமா ஏ.சி. உண்டா, இதைத்தான் கேட்டார். நம் ஹாலுக்குப் பத்து வாட்ஸ் தாராளம், பெரிய வால்வு போட்டால் மும்பை வெயிலில் நீங்களே வெந்துபோவீர்கள், மிச்ச யோசனையை ஸ்பீக்கருக்குச் செலவு பண்ணுங்கள், கொஞ்சம் கரண்டுக்கே நிறையச் சத்தம் கொடுக்கிற பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கராகப் பாருங்கள் என்றார். ஒத்தக் காதுக்கு எதுக்கு சார் ரெண்டு ஆம்ப்ளிஃபயரு, நல்லதா ஒண்ணு செஞ்சு தாரேன் என்றார். நான் அவசரக்குடுக்கையாக இடது வலது ஒயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் போதாதா என்று கேட்டேன், அப்படிச் செய்தால் பாட்டு வருகிற மிஷினுக்குக் கேடு, இரண்டுக்கும் ஆளுக்கொரு சின்ன ரெசிஸ்டர் போட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். ஜூலையில் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு மழை கொட்டிற்று, டாக்ஸியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோதுகூட அம்மா மடியில்தான் நீ இருந்தாய்.

அதற்கப்புறம் நான் வீட்டில் போட்ட சட்டதிட்டங்களை அம்மாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள். போட்டு அரை நிமிஷம் வால்வு சூடாகிற வரை பொறுக்க வேண்டும். நிறுத்திய உடனே தூக்கக்கூடாது, ஆற வேண்டும். மழைக்காலத்தில் கேட்கிறோமோ இல்லையோ இரண்டு நாளைக்கு ஒரு தரம் போட்டு ஈரத்தை விரட்ட வேண்டும். தூசியை நிறுத்தி ஆறிய பிறகு பிரஷ்ஷால் தட்ட வேண்டும், ஈரத்துணி கூடாது. அடித்தட்டைக் கழற்றவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் காத்துக்கொண்டிருக்கும். அம்மா குரோஷாவில் ஆசையாக ஒரு மூடி பின்னினாள், மூச்சு முட்டும் என்று அதைப் போடவிடவில்லை, இப்போது அது மிக்ஸி மேல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று, ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்ப்ளிஃபயரைப் போடவே கூடாது. வால்வு தள்ளுகிற கரண்ட் ஸ்பீக்கரில்தான் செலவாக வேண்டும், ஸ்பீக்கர் இல்லையென்றால் அதற்குப் போக்கிடம் இல்லாமல் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே பாய்ந்து கம்பியைப் பொசுக்கிவிடும். இதை வேலைக்கு வருகிற மாரிசெல்விக்குக்கூட ஒப்பிக்க வைத்தேன். சிவப்பு மசியில் எழுதிப் பின்பக்கம் ஒட்டியும் வைத்தேன். பின்பக்கம் என்பதைக் கவனி.

சரஸ்வதி பூஜை வந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், புஸ்தகம், அம்மாவின் தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் பூஜையில் ஏறும், இந்த வருஷம் ஆம்ப்ளிஃபயரும் ஏற வேண்டாமா. அம்மா வால்வுக்குச் சந்தனம் வைக்க வந்தாள், கண்ணாடியில் ஈரச் சந்தனம் வைத்தால் சூட்டில் விரிசல் விட்டுவிடும் என்று பெரிய பிரசங்கம் பண்ணி டிரான்ஸ்பார்மர் மூடியில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். ஸ்பீக்கர் பெட்டி கனம், அதைத் தூக்க முடியாது என்று ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஸ்வாமி அலமாரி முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு முழுக்கப் பாட்டு கிடையாது, படிப்பு கிடையாது. மறுநாள் விஜயதசமி, புனர்பூஜை முடிந்து எல்லாவற்றையும் துளி வடக்கே நகர்த்தி, அதது தன் வேலையைக் கொஞ்சம் செய்ய வேண்டும். அம்மா தையல் மிஷினில் நாலு தையல் போட்டுவிட்டு உள்ளே சுண்டலைத் தாளிக்கப் போனாள். நான் ஆம்ப்ளிஃபயரை ஒரு அங்குலம் வடக்கே நகர்த்தி, அங்கேயே இருந்த சீரியல் பல்பு போர்டில் பிளக்கைச் சொருகி, போனில் ஒரு பாட்டை வைத்து, ஸ்விட்சைப் போட்டேன். போட்டவன் நான்தான், சட்டம் எழுதிய அதே கை.

விளக்கு அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தியிருந்தோம், வீடு அப்படி ஒரு நிசப்தம். அரை நிமிஷம் பொறுத்தேன். வால்வு சிவந்தது. பாட்டு வந்தது சாரு, ஆனால் எதிர்க் கட்டிடத்து ஐந்தாவது மாடியில் யாரோ பாடுகிற மாதிரி, இழை மாதிரி, ஒரு சொட்டு வந்தது. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் டிரான்ஸ்பார்மர் கம்பியே அதிர்ந்து மெலிதாகப் பாடும் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான், போயிற்று, வலது காதும் போயிற்று. ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த காலை இதுதான், ஸ்வாமி முன்னாலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். வால்யூமை முழுக்கத் திருகினேன், அப்படியும் அதே இழைதான். இனி அம்மா குரல் கிடையாது, உன் குரல் கிடையாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மா ஒரு கத்து கத்தினாள், ஏன்னா, என்னமோ கரியறதே, என்னத்தைப் பண்ணித் தொலைச்சேள் என்று. அந்தக் கத்தல் இருக்கிறதே, ஒரு எழுத்து பாக்கியில்லாமல் கணீரென்று காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் டிரான்ஸ்பார்மரில் டிக் டிக்கென்று நீலப் பொறி, சந்தனப் பொட்டின் மேல் புகை. அம்மா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். நான் சிரிக்கிறேன், அழுகிறேன், அம்மிணி இன்னொரு தரம் கத்து, இன்னொரு தரம் கத்து என்று அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவளுக்கு எனக்குத் தலைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயம். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து, காது இருக்கான்னு தெரிஞ்சுக்க டிரான்ஸ்பார்மரை எரிக்கணுமா, டாக்டர்கிட்டப் போனாப் போறாதா என்று கேட்டாள். மறுநாளே போனேன். வலது காது போன வருஷம் இருந்த அளவிலேயே இருக்கிறது, ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. காது மிஷினுக்கு அளவு கொடுத்துவிட்டேன், அடுத்த புதன்கிழமை வருகிறது, நீ திட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஷாகுல் ஹமீது பெட்டியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்தார், என்ன சார், ஸ்பீக்கர மாட்டாமலா போட்டீய என்றார். பூஜையைச் சொன்னேன். மரியாதைக்காக ஒரு நிமிஷம் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த வருசம் ஸ்பீக்கரையும் சேத்து வைங்க சார், அதுவும் ஆயுதம்தான என்றார். புதுசாகச் சுற்றிக் கொடுத்ததோடு, ஸ்பீக்கர் இல்லாமல் போட்டாலும் கரண்ட் போக ஸ்பீக்கர் ஒயர் மாட்டுகிற இடத்தில் ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துக் கொடுத்திருக்கிறார், உங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் சார் இது, ஆனா இத நம்பி மறுபடி போட்டுராதீய என்று சொல்லித்தான் கொடுத்தார். வால்வு இரண்டும் நல்லவேளை தப்பித்தன.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வந்து, ஸ்பீக்கர் ஒயரை மாட்டி, மாட்டியதை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, முதலில் எந்தப் பாட்டைப் போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் போனை எடுத்து ஒயரைச் சொருகினாள். பாட்டு வரவில்லை, நீ வந்தாய். போன மார்ச்சில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அப்பாக்குப் போட்டுக் காட்டும்மா என்று ஆரம்பித்து, அப்பா நான் என்ன தப்புப் பண்ணேன், ஃபோன் பண்ணினா ரெண்டு வார்த்தை, உடனே அம்மாட்ட தரேன்னுடறே, வேலையை விட்டதுக்கு இத்தனை கோபமா, கோபம்னா திட்டிடேன்ப்பா என்று கேட்டாயே, அது. மார்ச்சிலும் அம்மா அதை என் காதில் வைத்தாள். அந்தக் குட்டிப் போனில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பிடிபடவில்லை என்று சொல்ல வெட்கம், தலையை ஆட்டி, சரி, ரொம்ப சந்தோஷம்னு சொல்லு என்றேன், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள் அதையே உனக்கு எழுதினாள். அம்மா எத்தனையோ தரம் மறுபடி கேளுங்கோ என்றாள், வாயாலும் சொல்ல வந்தாள், அதான் கேட்டாயிற்றே என்று அப்போதெல்லாம் எழுந்துபோய்விட்டேன். என் குழந்தை கோபமா என்று கேட்டதற்கு நான் சந்தோஷம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அப்புறம் நீ ஏன் பேசுவாய். நேற்று பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது, உனக்கு அப்போது ஜலதோஷம், பின்னால் கெட்டில் கொதிக்கிறது, கடைசியில் அப்பா என்று சொல்வதற்கு முன் நீ மூச்சை இழுத்து நிறுத்துகிறாய், அதுவும் கேட்டது. வால்வினால் கேட்டதா, பெரிய ஸ்பீக்கரினால் கேட்டதா, வலது காதைப் பக்கத்தில் வைத்ததினால் கேட்டதா, இன்டர்நெட்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நாலு தரம் போடச் சொன்னேன். ஐந்தாவது தரம் அம்மா போட மறுத்துவிட்டாள், அவளுக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை சாரு, ஒரு நாளும் இருந்ததில்லை. பிடிக்காத வேலையை விட்டது நல்லது, நான் முப்பத்தாறு வருஷம் விடாமல் இருந்ததற்கு ஒன்றும் மெடல் கொடுக்கவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான், அதைச் சொல்லத் தைரியமில்லாமல் உன்னை எட்டு மாசம் அழவிட்டேன், என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை, இங்கே சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு அம்மா போனுக்குக் கூப்பிடு. கால் மணி முன்னாலேயே வால்வைச் சூடு பண்ணி வைத்துவிடுவேன், போன் ஒயரோடு ஆம்ப்ளிஃபயரில் இருக்கும், நான் வலது காதைத் திருப்பிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பேன். உனக்குக் கொஞ்சம் எதிரொலிக்கலாம், பொறுத்துக்கொள். முதலில் நீதான் பேச வேண்டும், மிச்சம் வைக்காமல் திட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்க மாட்டேன். தை மாசம் வரும்போது இதே வால்வில் ஒரு ஜோடி, இரண்டும் ஒரே அளவாகப் பொறுக்கியது, சாக்ஸுக்குள் சுருட்டிக் கைப்பையில் கொண்டு வா, பெயரை அம்மா தனியாக அனுப்புவாள். ராத்திரி காரை மெதுவாக ஓட்டச் சொன்னேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். நீங்கள் இரண்டு பேரும் சகல சௌபாக்கியங்களோடும் ஆரோக்கியத்தோடும் நீடூழி இருக்க ஸ்வாமி அருள் செய்யட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா,
வைத்தீஸ்வரன்

பி.கு.: இதை எழுதிக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஸ்பீக்கர் ஒயர் மாட்டித்தான் இருக்கிறது. நீ தைரியமாகக் கூப்பிடலாம்.